ஷாம்பு இன்றித் தலை அலசுதல்

ஷாம்பு இன்றித் தலை அலசுதல் என்பது, ஆலைகளில் தயாரிக்கப்படும் ஷாம்புக்குப் பதிலாகத் தாவரக் காய்கள், இலைகள், பயறு மாவுகள், களிமண் போன்ற பொருட்களைக் கொண்டு தலைமுடியையும் உச்சந்தலையையும் தூய்மை செய்யும் முறையாகும். தமிழ்நாட்டில் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை, பயத்தம் மாவு ஆகியவை இதற்காக நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. ஷாம்பு பரவலாவதற்கு முன்பு தலை அலசும் பொதுவான முறையே இதுதான்.

இயற்கைப் பொருட்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில அழுக்கை நீக்குகின்றன. சில எண்ணெயை உறிஞ்சுகின்றன. சில முடியை வழவழப்பாக்க மட்டுமே உதவுகின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் பயன்படுத்தும்போது முடி பிசுபிசுப்பாகவே இருப்பதும், வறண்டு உடைவதும், தலையில் அரிப்பு ஏற்படுவதும் உண்டு.

## தலைமுடியில் அழுக்கு சேரும் விதம்

உச்சந்தலையில் ஒவ்வொரு மயிர்க்காலுடனும் எண்ணெய்ச் சுரப்பிகள் இணைந்துள்ளன. இவை சுரக்கும் சீபம் என்னும் எண்ணெய்ப் பொருள் தோலும் முடியும் வறண்டு போகாமல் காக்கிறது. இந்த எண்ணெயில் தூசி, வியர்வை உப்பு, உதிர்ந்த தோல் செல்கள், தலையில் தேய்த்த எண்ணெய் ஆகியவை ஒட்டிக்கொள்வதே தலை அழுக்காகும்.

வியர்வை உப்பும் ஒட்டாத தூசியும் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். எண்ணெய் தண்ணீரில் கரையாது. எனவே எண்ணெயையும் தண்ணீரையும் இணைக்கும் ஒரு பொருள் தேவைப்படுகிறது. அதன் மூலக்கூற்றின் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும். எண்ணெயை நாடும் முனைகள் அழுக்கைச் சூழ்ந்துகொள்ள, தண்ணீரை நாடும் முனைகள் வெளிப்பக்கம் அமைந்து, அழுக்கு சிறு துளிகளாகப் பிரிந்து தண்ணீரோடு வெளியேறுகிறது. சோப்பு, ஷாம்பு, சீயக்காய் ஆகிய மூன்றும் இந்த வழியிலேயே வேலை செய்கின்றன. வேறுபடுவது அவற்றில் உள்ள மூலக்கூறும் அதன் வலிமையும்தான்.

## சப்போனின்

சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகியவற்றில் உள்ள தூய்மையாக்கும் பொருள் சப்போனின் ஆகும். சப்போனின் மூலக்கூற்றில் சர்க்கரைப் பகுதி தண்ணீரையும், மற்றொரு பகுதி எண்ணெயையும் நாடுகிறது. தண்ணீரில் கலக்கினால் நுரை வருவதற்கும் இதுவே காரணம். லத்தீன் மொழியில் சோப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து சப்போனின் என்ற பெயர் உருவானது.

சப்போனின் உள்ள தாவரங்களைக் கழுவப் பயன்படுத்துவது உலகின் பல பகுதிகளில் காணப்படுகிறது. ஐரோப்பாவில் சோப்புவோர்ட் என்னும் செடியும், வட அமெரிக்கப் பழங்குடியினரிடையே யுக்கா வேரும், சிலி நாட்டில் குயில்லாயா மரப்பட்டையும் இவ்வாறு பயன்பட்டன.

சோப்புக்கும் சப்போனினுக்கும் இடையே இரண்டு முக்கிய வேறுபாடுகள் உள்ளன. முதலாவது அமில, காரத் தன்மை. உச்சந்தலைத் தோலின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5 ஆகும், அதாவது சற்றே அமிலத்தன்மை கொண்டது. சோப்புக் கரைசலின் அளவு பொதுவாக 9-க்கு மேல் இருக்கும். காரத்தன்மையில் முடி உப்பி, அதன் மேலுள்ள செதில் போன்ற அடுக்கு விரிகிறது. இதனால் இழைகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்கு விழுகிறது. சீயக்காய்க் கரைசல் சற்றே அமிலத்தன்மை உடையதால் இந்தப் பாதிப்பு ஏற்படுவதில்லை. இரண்டாவது கடின நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளுடன் சோப்பு சேர்ந்து கரையாத படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். சப்போனின் அவ்வாறு படிவு உண்டாக்குவதில்லை. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் முடி பிசின்போல் ஆவதற்கும், சீயக்காய் போட்டால் அவ்வாறு ஆகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

## தூய்மையாக்கும் பொருட்கள்

### சீயக்காய்

சீயக்காய் முட்கள் கொண்ட ஒரு கொடி வகையின் காய். சிகை என்றால் தலைமுடி; சிகைக்காய் என்ற பெயரே பேச்சு வழக்கில் சீயக்காய் ஆனது. இதன் தாவரவியல் பெயர் நெடுங்காலம் அகேசியா கான்சின்னா என வழங்கியது. தற்போது செனகாலியா பேரினத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. மலைப்பகுதிக் காடுகளில் வளரும் இக்காயைப் பழங்குடி மக்கள் சிறு வனப்பொருளாகச் சேகரித்து விற்கின்றனர்.

வீடுகளில் சீயக்காயைத் தனியாக அரைப்பது குறைவு. வெயிலில் நன்கு காயவைத்த சீயக்காயுடன் பச்சைப்பயறு, வெந்தயம், காய்ந்த செம்பருத்தி இலை, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த எலுமிச்சைத் தோல் போன்றவற்றைச் சேர்த்து மாவு மில்லில் அரைத்து வைப்பர். சேர்மானமும் அளவும் வீட்டுக்கு வீடு மாறும். சீயக்காய்த் தூள் மூக்கில் ஏறினால் கடுமையான தும்மல் வரும். அடுத்து அரைக்கும் மாவிலும் அதன் கசப்பு கலந்துவிடும். ஆகவே மில்களில் இதற்கெனத் தனி எந்திரம் வைத்திருப்பதுண்டு.

தூளை வெந்நீரிலோ, சோறு வடித்த கஞ்சியிலோ கரைத்துத் தேய்ப்பது வழக்கம். கஞ்சியில் உள்ள மாவுச்சத்து தூளை முடியில் சீராகப் பரவச் செய்கிறது. சீயக்காயின் வறட்டுத்தன்மையையும் குறைக்கிறது.

### அரப்பு

அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பச்சை நிறத் தூளாகும். இம்மரத்தின் தாவரவியல் பெயர் அல்பீசியா அமரா. உசிலம்பட்டி என்னும் ஊர்ப்பெயரும் இம்மரத்துடன் தொடர்புபடுத்தப்படுகிறது. கொங்குப் பகுதியில் எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காயைவிட அரப்பே அதிகம் பயன்பட்டு வந்தது. சீயக்காயைவிட மென்மையாகக் கருதப்படும் இது, கரைத்தவுடன் வழவழப்பான குழம்பாகிறது. சில பகுதிகளில் இலுப்பைப் பிண்ணாக்கில் செய்த தூளையும் அரப்பு என்றே அழைப்பதால், கடையில் வாங்கும்போது எது என்று கேட்டு வாங்குவது நல்லது.

### பூந்திக்கொட்டை

பூந்திக்கொட்டை, பூவந்திக்கொட்டை எனப்படும் இது சபிண்டசு பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் காய். இந்தியச் சோப்பு என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து இப்பேரினப் பெயர் வந்தது. சப்போனின் இதன் தோல் பகுதியில் உள்ளது. உள்ளே இருக்கும் கருப்பு விதையை நீக்கிவிட வேண்டும். இங்குள்ள பொருட்களில் அதிகம் நுரைப்பதும் எண்ணெயை வலுவாக நீக்குவதும் இதுவே. பட்டுத்துணி துவைக்கவும் நகைகளைத் துலக்கவும் கூடப் பயன்படுகிறது. தொடர்ந்து தனியாகப் பயன்படுத்தினால் முடி வறண்டுபோகும் என்பதால் சீயக்காயுடனோ வழவழப்பான இலைச்சாறுடனோ கலந்து பயன்படுத்துவர்.

## உறிஞ்சும் பொருட்கள்

பயத்தம் மாவு, கடலை மாவு, முல்தானி மிட்டி போன்றவை எண்ணெயைத் தம் நுண்துகள்களில் ஒட்டச் செய்து வெளியேற்றுகின்றன. மொராக்கோ நாட்டில் அட்லஸ் மலைப்பகுதியில் கிடைக்கும் ரசூல் என்னும் களிமண்ணும் இவ்வாறே தலைக்குப் பயன்படுகிறது. லேசான எண்ணெய்ப் பசைக்கு இவை போதும். நல்லெண்ணெய் தேய்த்த தலைக்கு மாவு மட்டும் போதாது. அடர்ந்த, சுருண்ட முடியில் துகள்கள் தங்கிவிடுவதால் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். மாவைச் சூடான நீரில் கரைத்தால் கட்டிதட்டும்; சாதாரண நீரே ஏற்றது.

## வழவழப்பூட்டும் பொருட்கள்

செம்பருத்தி இலை, ஊறவைத்து அரைத்த வெந்தயம், கற்றாழைச் சோறு ஆகியவற்றில் வழவழப்பான கூட்டுச்சர்க்கரைப் பொருட்கள் உள்ளன. இவை முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உரசலைக் குறைக்கின்றன. சிக்கு எடுப்பது எளிதாகிறது. கேரளத்தில் செம்பருத்தி போன்ற இலைகளைக் கசக்கி எடுக்கும் சாறு தாளி எனப்படுகிறது.

இவற்றின் பணி பெரும்பாலும் ஷாம்புக்குப் பின் போடும் கண்டிஷனரின் பணியை ஒத்தது. வெந்தயத்தையோ கற்றாழையையோ மட்டும் வாரக்கணக்கில் பயன்படுத்துவோருக்குத் தலையில் பிசுபிசுப்பு சேர்வது இதனால்தான். தூய்மையாக்கும் பொருளோடு சேர்த்தே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

## பயன்படுத்தும் முறை

தோள் வரை நீளும் முடிக்கு இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி சீயக்காய்த் தூள் போதுமானது. நடைமுறை பின்வருமாறு:

1. தூளை வெதுவெதுப்பான நீரில் அல்லது வடிகஞ்சியில் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். துகள் தலையில் தங்குவதைத் தவிர்க்க விரும்பினால் மெல்லிய துணியில் வடிகட்டிக் கொள்ளலாம்.
2. முடியின் சிக்கை முதலில் எடுத்துவிட்டு, தலையை முழுவதும் நனைக்க வேண்டும்.
3. கரைசலை உச்சந்தலையில் விட்டு விரல் நுனிகளால் தேய்க்க வேண்டும். நகம் படக்கூடாது. முடியின் நீளப் பகுதிக்கு வழிந்து வரும் கரைசலே போதும்.
4. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அலச வேண்டும்.
5. எண்ணெய் தேய்த்திருந்தால் இரண்டாம் முறையும் தேய்த்து அலச வேண்டும்.

பூந்திக்கொட்டைக்கு, விதை நீக்கிய 8 முதல் 10 காய்களை இரண்டு குவளை நீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடிகட்ட வேண்டும்.

நுரை குறைவாக வருவதைக் கொண்டு தலை சுத்தமாகவில்லை என்று முடிவு செய்யக்கூடாது. நுரையின் அளவும் தூய்மையின் அளவும் ஒன்றல்ல. அலசியபின் உச்சந்தலையை விரலால் தொட்டுப் பார்த்து, எண்ணெய் ஒட்டுகிறதா என்று அறிவதே சரியான சோதனை.

கரைசல்களில் கெடாமல் காக்கும் வேதிப்பொருள் ஏதும் இல்லை. எனவே அன்றன்று கரைத்துக்கொள்வதே நல்லது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் சில நாட்களில் புளித்துவிடும். தூளை ஈரம் படாத கலத்தில் மூடி வைக்க வேண்டும். ஈரக் கரண்டி போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

## சமையல் சோடா, எலுமிச்சை, வினிகர்

இணையத்தில் ஷாம்புக்கு மாற்றாக அதிகம் பரிந்துரைக்கப்படும் பொருள் சமையல் சோடா. இதன் கரைசல் பி.எச். அளவு 8-க்கு மேல் இருக்கும். எண்ணெய் நீங்குவது உண்மைதான் என்றாலும், தொடர்ந்து பயன்படுத்தும்போது முடியின் மேலடுக்கு விரிந்து, முடி சொரசொரப்பாகி உடையத் தொடங்கும். சாயம் பூசிய முடிக்கு இது மேலும் கேடு விளைவிக்கும்.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலங்கள். எண்ணெயை நீக்கும் ஆற்றல் இவற்றுக்கு மிகக் குறைவு. சோப்பு போட்டபின் தங்கும் படிவை நீக்கவும், முடியின் மேலடுக்கை மீண்டும் படியவைக்கவும் நிறைய நீர் கலந்து கடைசி அலசலில் பயன்படுத்தலாம். நீர் கலக்காமல் பூசினால் தோல் எரியும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலுடன் வெயிலில் நின்றால் தோலில் கொப்புளமும் கருந்திட்டுகளும் உண்டாகலாம்.

## இயற்கைப் பொருள்களால் வரும் தீங்குகள்

இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்ற எண்ணம் சரியன்று. சப்போனின் உயிரணுக்களின் சவ்வையும் தாக்கக்கூடியது. மீன்களுக்கு இது நஞ்சு. சப்போனின் நிறைந்த இலுப்பைப் பிண்ணாக்கு, மீன்வளர்ப்புக் குளங்களில் வேண்டாத மீன்களை அழிக்கப் பயன்படுத்தப்படுவதே இதற்குச் சான்று. தோலின் மேல் தேய்த்து உடனே அலசுவதால் மனிதருக்குப் பெரும்பாலும் கேடில்லை. ஆயினும் கீழ்க்காணும் கவனம் தேவை.

- கண்: சீயக்காய், பூந்திக்கொட்டைக் கரைசல் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் சிவப்பும் உண்டாகும். கண்ணைக் கசக்காமல் சுத்தமான நீரால் பல நிமிடங்கள் தொடர்ந்து கழுவ வேண்டும். வலியோ பார்வை மங்கலோ நீடித்தால் கண் மருத்துவரை அணுக வேண்டும்.
- குழந்தைகள்: கைக்குழந்தைகளுக்கு இவற்றைத் தவிர்ப்பது நல்லது. பூந்திக்கொட்டைக் கரைசலைக் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடாதபடி வைக்க வேண்டும்.
- மூச்சு: ஆஸ்துமா உள்ளவர்கள் உலர்ந்த தூளைக் கொட்டுவதையும் சலிப்பதையும் தவிர்க்க வேண்டும்.
- ஒவ்வாமை: பயறு, வெந்தயம், செம்பருத்தி என எதற்கும் ஒவ்வாமை வரலாம். முதன்முறை பயன்படுத்துமுன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

## தலைத்தோல் நோய்கள்

பொடுகுக்கு மலசேசியா என்னும் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். இது தோலில் இயல்பாகவே வாழ்வது; தலையில் சுரக்கும் எண்ணெயை உணவாகக் கொள்வது. ஆகவே பொடுகு உள்ளவர்கள் தலை அலசுவதைத் தள்ளிப்போடுவதும், எண்ணெயை நீண்ட நேரம் ஊறவிடுவதும் பொடுகை அதிகப்படுத்தலாம். கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்புவை மருத்துவர் பரிந்துரைத்திருந்தால், அதற்குப் பதிலாகச் சீயக்காயைப் பயன்படுத்தக்கூடாது. அது அழகுப் பொருள் அன்று, மருந்து.

குழந்தைகளின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் தோன்றினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உட்கொள்ளும் மருந்து தேவைப்படும். எந்தத் தூளும் அதைக் குணப்படுத்தாது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மரபு, மகப்பேற்றுக்குப் பின் வரும் மாற்றம் போன்ற காரணங்களால் ஏற்படும் முடி உதிர்வும் தலை அலசும் பொருளை மாற்றுவதால் நிற்பதில்லை. இயற்கைப் பொருள் முடியைத் தூய்மை செய்யும், உடைவதைக் குறைக்கலாம், மயிர்க்காலில் புதிய முடியை முளைக்கச் செய்யும் என்று கூறப்படுவதற்கு உறுதியான சான்று இல்லை.

ஷாம்புவை நிறுத்தினால் சில வாரங்களில் எண்ணெய்ச் சுரப்பு தானாகக் குறைந்துவிடும் என்ற கருத்தும் பரவலாக உள்ளது. எண்ணெய்ச் சுரப்பு பெரும்பாலும் ஹார்மோன்களால் கட்டுப்படுத்தப்படுகிறது. எனவே பல வாரங்கள் ஆகியும் தலை பிசுபிசுப்பாகவே இருந்தால், பொறுத்திருப்பதைவிடப் பயன்படுத்தும் பொருளை மாற்றுவதே பயனுள்ளது.

## ஷாம்புவின் வருகை

ஷாம்பு என்ற சொல் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அழுத்து, பிடித்துவிடு என்று பொருள்படும் இந்திச் சொல்லே அதன் மூலம். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலுடன் உடல் பிடித்துவிடும் நிலையம் நடத்தி இச்சொல்லைப் புகழ்பெறச் செய்தார். தலை கழுவுதல் என்ற பொருள் பின்னர் ஏற்பட்டது. 1930-களில் செயற்கைத் தூய்மையாக்கிகளால் ஆன ஷாம்புகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

தமிழ்நாட்டில் நீண்ட காலம் ஷாம்பு வசதி படைத்தோர் வாங்கும் பொருளாகவே இருந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் இத்தகைய பொருட்களைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் முறையின் முன்னோடி ஆவார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் விற்றது. பின்னர் கெவின்கேர் எனப் பெயர் மாறிய அந்நிறுவனமே மீரா சீயக்காய்த் தூளையும் விற்றது. ஒரு ரூபாய்க்கும் ஐம்பது பைசாவுக்கும் பெட்டிக்கடையில் ஷாம்பு கிடைத்தபோது, காயவைத்து, அரைத்து, கரைத்து, வடிகட்டும் வேலை பெண்களுக்கு மிச்சமானது. சீயக்காயின் பயன்பாடு குறைந்ததற்கு இந்த வேலைச்சுமையும் ஒரு காரணம். இன்று பல வீடுகளில் தீபாவளி எண்ணெய்க் குளியலன்று மட்டுமே சீயக்காய் எடுக்கப்படுகிறது.

## கடைப் பொருட்களை வாங்கும்போது

சீயக்காய் ஷாம்பு, மூலிகை ஷாம்பு என்ற பெயர்களில் விற்கப்படும் பலவற்றில் தூய்மையாக்கும் வேலையைச் செய்வது சோடியம் லாரெத் சல்பேட் போன்ற செயற்கைப் பொருளே. சீயக்காய்ச் சாறு சிறிதளவே இருக்கும். உறையின் பின்புறம் உள்ள பட்டியலில் சேர்மானங்கள் பொதுவாக அதிக அளவில் உள்ளதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். சீயக்காய் அப்பட்டியலில் எந்த இடத்தில் உள்ளது என்று பார்த்தால் உண்மை விளங்கும். செயற்கைப் பொருள் இருப்பதாலேயே அது தீங்கானது என்று கொள்ளத் தேவையில்லை. ஆனால் சீயக்காய் என்று எண்ணிப் பணம் கொடுப்பவருக்கு அது சீயக்காய் அன்று.

## சுற்றுச்சூழல்

ஷாம்பு பாக்கெட்டுகள் பிளாஸ்டிக், அலுமினியம் போன்ற பல அடுக்குகளால் ஆனவை. இந்த அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் மறுசுழற்சி கடினமாகிறது. ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் இவை தேங்குகின்றன. தூளாக வாங்கிப் பயன்படுத்தும்போது இக்குப்பை குறைகிறது. எனினும் சப்போனின் மீன்களுக்கு நஞ்சாவதால், மீன் வாழும் சிறு குட்டைகளிலும் கிணறுகளிலும் சீயக்காய், பூந்திக்கொட்டைக் கழிவுநீர் நேரடியாகக் கலக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். அந்நீரை மண்ணில் ஊறவிடுவது ஏற்ற வழியாகும்.